கால் நாட்டிய வாரம்

நான் குளிக்கப் போனவள். மலேசியாவில் கிள்ளானிலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்தில் இறங்கி, மலைப்பாதையில் வாடகைக் காரில் இரண்டு முறை வாந்தியெடுத்து, செங்கோட்டை வழியாக வடகரைப் பக்கத்தில் இருக்கும் என் தோழியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் குற்றாலச் சாரலில் ஒரு வாரம் நனைவதற்காகத்தான். சாமி கும்பிடுவது என் திட்டத்தில் இல்லை. அடுத்தவர் குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பது அதைவிடவும் இல்லை.

தோழி என்றால் ஏதோ பழகிய பெண் இல்லை. கிள்ளானில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வரிசை. ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் அம்மா சமைத்ததைத் தின்றுதான் நான் பாதி வளர்ந்தேன். என் அம்மா போன பிறகு முழுதாகவே அந்த வீட்டுச் சாப்பாடுதான். பாமாயில் ஆலையில் எஞ்சினியராக வேலை பார்க்க வந்த தென்காசிப் பக்கத்து மனிதரை அவள் கட்டிக்கொண்டாள். அவருடைய அப்பா இறந்ததும் வயலையும் தென்னந்தோப்பையும் பார்க்க ஆள் இல்லை என்று பதினோரு வருடத்துக்கு முன் அவரோடு இங்கேயே வந்துவிட்டாள். எல்லோரும் பிழைக்க எங்கள் நாட்டுக்கு வருகிறார்கள், இவள் அங்கிருந்து வாழ இங்கே வந்தாள். "மூளை கலங்கிடுச்சா உனக்கு?" என்று அப்போதே கேட்டேன். அவள் பாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான், முடிவெடுத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

"ஏட்டி, வந்துட்டியா! அங்கன நின்னு என்னத்த வேடிக்கை பாக்கே, உள்ள வா" என்று வாசலில் நின்று கூப்பிட்டவளைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். "யாருடி நீ? என் பிரண்டு எங்கலா?" என்று எங்கள் கிள்ளான் பேச்சில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் அவள், அவள் கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள், மாமியார், கணவரின் தம்பி, தம்பி மனைவி. மாமியார் வாய் ஓயாதவர். சின்ன மருமகளை எழுந்ததிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். கோலம் கோணல், சட்னியில் உப்பு, துணி காயவில்லை, எல்லாவற்றுக்கும் அவள்தான். என் தோழியிடம் மட்டும் குரலே மாறிவிடும். முதல் தோசை அவளுக்கு, மீன் குழம்பில் நடுத்துண்டு அவளுக்கு. "நீ குடுத்து வச்சவ" என்று அவள் காதில் சொன்னேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. இவளுக்கு என்னதான் வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் போன வாரத்தின் செவ்வாய்க்கிழமை அந்த ஊர் அம்மன் கோவிலில் கால்நாட்டு. அடுத்த செவ்வாய் கொடை, அதாவது திருவிழா. அதற்கு முன்னால் மஞ்சள் பூசி மாவிலை கட்டிய ஒரு மரக்கம்பத்தை, அதைத்தான் கால் என்கிறார்கள், கோவில் வாசலில் ஊன்றிவிடுகிறார்கள். கொட்டு முழங்க, பால் ஊற்றி, பெண்கள் குலவையிட்டு அதை ஊன்றினார்கள். ஊன்றியதும் என் தோழியின் கணவர் கையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். காப்பு கட்டும் முறை வீட்டுக்கு வீடு சுற்றி வருமாம், இந்த வருடம் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. கொடை முடிகிறவரை அவர் ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. அந்த வீட்டு மூத்த மருமகள் தினமும் காலையில் குளித்துவிட்டு அந்தக் காலுக்கு மஞ்சள் நீர் ஊற்ற வேண்டும். என் தோழி ஈரத்தலையோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த நடையை நான் பார்த்தேன். பள்ளியில் பரிசு வாங்க மேடையேறும்போதுகூட அவள் அப்படி நடந்ததில்லை.

மாமியார்தான் எனக்கு விளக்கினார். "கால் நாட்டியாச்சுன்னா ஊர்க்காரவுக யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது தாயி. பகல்ல எங்கன வேணாலும் போய்ட்டு வரலாம். விளக்கு வைக்கதுக்குள்ள ஊருக்குள்ள வந்துரணும்."

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை எப்படிக் கிளம்புறது?"

"விருந்தாளிக்கு அது கட்டுப்படாது. நீ எப்பம் வேணாலும் போலாம்."

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

புதன்கிழமை தென்காசிப் பெரிய கோவிலுக்குப் போனோம். அவள் அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போயிருந்தாள். கோபுர வாசலில் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்க, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் துணியைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. அவள் அம்மா. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மதில் ஓரமாக ஒதுங்கினேன்.

"கத்தாம கேளு. எனக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப் போச்சாம். திங்கக்கிழமை காலைல ஆபரேஷன் வச்சிருக்காங்க. அவ தம்பி கப்பல் வேலையில இருக்கான், வர முடியாது. நீ ஞாயித்துக்கிழமை வந்துருவதானே? கூட இருக்கியா?"

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? இந்த வயசுல எது வேணா ஆகலாம்னாரு. சரி, கேளு. அவகிட்ட வாயத் தொறக்காத. தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடி வந்துருவா. மாமியார் வீட்டுத் திருவிழால அவளுக்குக் கெட்ட பேரு வேணாம். எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன்."

என் வாயில் இட்லி வேகும் நேரம்கூட ரகசியம் தங்காது. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். வேறு ஆள் இல்லாததால்தான் என்னிடம் சொன்னார். தோழி திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினாள். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். "காத்து" என்றேன்.

அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். சொல்லாமல் விட்டு, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சொல்லிவிட்டால், இவள் வந்துவிடுவாள், அந்த அம்மா என்னைத் திட்டுவார், திட்டட்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் சொல்வதுதான் சரி என்று வந்தது. ஆனால் அந்த வீட்டில் தனியாகப் பேச ஒரு மூலை கிடையாது. எந்த அறைக்குப் போனாலும் மாமியார் பின்னாலேயே பலகாரத் தட்டோடு வந்துவிடுவார்.

வியாழக்கிழமை அவளும் நானும் மட்டும் குற்றாலம் போனோம். அவள்தான் காரை ஓட்டினாள். பேரருவியில் பெண்கள் பக்கம் நெருக்கித் தள்ளியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தினாள். தலையில் யாரோ இரண்டு கையாலும் அறைகிறாற்போல விழுந்தது தண்ணீர். அவள் வாயைத் திறந்து கத்திச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது. நல்ல வேளை, அருவியில் அழுதால் யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிறம் மாறியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். மேலே மலையில் நல்ல மழையாம். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்ததில் சாலை அடைத்துக்கொண்டது. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பின்னால் வேன்கள், பக்கத்தில் குரங்கு உட்கார்ந்த கார். எதுவும் நகரவில்லை. சாரல் வேறு. வானம் மங்கிக்கொண்டே வந்தது.

"இருட்டுதுட்டி" என்றாள். ஹாரனை அழுத்தினாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுக்குங்க அண்ணாச்சி, ஊர்ல கால் நாட்டியிருக்கு" என்று முன்னால் நின்ற வேன்காரரிடம் கெஞ்சினாள். அவருக்கும் புரிந்துவிட்டது, "ஒதுக்க எங்கன எடம் இருக்கு தாயி?" என்று கையை விரித்தார். தமிழ்ப்பள்ளியில் ஒரு நாள்கூட மணி அடிப்பதற்கு முன்னால் வராதவள் இவள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒரு கம்பத்துக்கு இந்தப் பயம் பயப்படறியே, அங்க உன் அம்மாவுக்குத் திங்கக்கிழமை நெஞ்சைத் திறக்கப் போறாங்க, தெரியுமா உனக்கு?"

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. எவ்வளவோ பக்குவமாக யோசித்து வைத்திருந்தேன். கோபம் வந்தால் என் பக்குவமெல்லாம் இவ்வளவுதான்.

அவள் வைப்பரை நிறுத்தினாள், மறுபடி போட்டாள். முன்னால் பஸ் நகர்ந்தது. கியரை மாற்றி ஓட்டத் தொடங்கினாள். இலஞ்சி தாண்டியது. பிறகு, "யாரு கூட இருக்கா?" என்றாள்.

"நான் போய்த்தான் இருக்கணும்."

"பொழைச்சுக்குவாங்களா?"

"எது வேணா ஆகலாமாம்."

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். இவள் நேராக அடுக்களைக்குப் போய், கணவரையும் கூப்பிட்டு, இருவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள். அவர் காப்புக் கட்டிய கையால் தலையைத் தடவிக்கொண்டார். "நீ கிளம்பு. நாளைக்கே டிக்கெட் பாக்கேன், ரெண்டு பேரும் சேந்தே போங்க" என்றார். என்னால் வர முடியவில்லையே என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

எனக்கு மாமியாரை நினைத்துத்தான் பயம். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து இவள் கன்னத்தைத் தடவினார்.

"போயிட்டு வா தாயி. பெத்தவளுக்கு மேல என்ன இருக்கு? மஞ்சத்தண்ணிய சின்னவ ஊத்திக்கிடுவா. ஊர்ல ஒருத்தரும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாவ. நீ வெளியூர்க்காரிதான, ஒனக்கு இதெல்லாம் கட்டுப்படாது."

அந்த மாமியாரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு. இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோழியைத் திரும்பிப் பார்த்தேன். காரில் செய்தியைக் கேட்டபோதுகூட மாறாத அவள் முகம் இப்போது மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் என் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவள் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, ஈரப் புடவையோடு, "இன்னைக்கு ஐந்தருவி போவோமா?" என்றாள். டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டேன். புடவை மாற்றிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள்.

ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பழக்கடைகள். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். எங்கள் ஊர்க் கொல்லையில் விழுந்து கிடப்பதையெல்லாம் தட்டில் அடுக்கி, பார்த்துப் போகிறவர்களிடம் மருந்து என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் ரம்புட்டான் வாங்கி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"டிக்கெட் என்னாச்சு?"

"பாக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

அவள் ஒரு பழத்தை உரித்தாள். சாப்பிடவில்லை.

"பதினோரு வருஷத்துல அத்தை என்னை ஒரு தடவை திட்டினது இல்ல. நீ குடுத்து வச்சவன்னு சொன்னியே. சின்னவளத் திட்டுதாங்க, பாத்தேல்ல? அவ இந்த வீட்டுப் பொண்ணு, அதனால திட்டுதாங்க. எனக்கு நடுத்துண்டு வைக்காங்க. ஏன் தெரியுமா? விருந்தாளிக்கு வைக்கது அது. என் மக இந்த ஊர்க்காரி. நான் மட்டும் மலேசியாக்காரி. இந்த வருஷம் குடத்தத் தூக்கிட்டு நடந்தேன் பாரு, வழியில உக்காந்திருந்த பொம்பளைங்க எழுந்து நின்னாங்க. எனக்காக ஒருநாளும் யாரும் எழுந்து நின்னது இல்லட்டி."

"அதுக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"போகாதன்னு சொல்லியிருந்தாங்கன்னா, சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். சத்தியமா போயிருப்பேன். போ, நீ வெளியூர்க்காரிதானன்னு சொல்லிட்டாங்களே. இப்பம் நான் கிளம்புனா, ஆமா, நான் வெளியூர்க்காரிதான்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். அப்புறம் எத்தன வருஷம் இருந்தாலும் நான் விருந்தாளிதான்."

"அம்மா செத்துட்டா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ இருக்கேல்ல" என்றாள்.

"நான் அவங்க வயித்துல பொறக்கல."

"செவ்வாய்க்கிழமை கொடை முடிஞ்சதும் புதன்கிழமை காலைல கிளம்பிருதேன். டிக்கெட் அதுக்குத்தான் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"திங்கக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவுல என்ன வேணா நடக்கும்."

"தெரியும்" என்றாள்.

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை. சொன்னேன் அல்லவா, முடிவெடுத்துவிட்டால் பேசமாட்டாள். சனிக்கிழமை அவள் என்னைச் செங்கோட்டைச் சந்தைக்கும் பக்கத்து அணைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன இடம் ஒன்றையும் விடவில்லை. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. போட்டோக்களில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கணவர் இரண்டு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொன்னா கேப்பா, இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க" என்றார். "உங்க அம்மாவைத்தான் சொல்லச் சொல்லணும் அண்ணே, போகாதேன்னு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கும் பொறுமை எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பத் தயாராகி அடுக்களை வாசலில் நின்றேன். இவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தரையில் ஓடியது. அப்போதும் அவள் அசையவில்லை. மாமியார் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

"ஏ கூறுகெட்டவளே! பால் பூராம் தரையில ஓடுது, எங்கன பாத்துக்கிட்டு நிக்கே? கொடைப் பால்ட்டி அது! இத்தன வருஷமா இந்த வீட்ல என்னத்தக் கத்துக்கிட்டே நீ?"

சின்ன மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரும் சொல்லிவிட்டுத் திகைத்தாற்போல நின்றார். என் தோழி குனிந்து துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்திருந்தது. அம்மா சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவளை நான் வெறுத்தேன். அவளுக்காக நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று என்னால் முடியவில்லை.

செங்கோட்டை வரைக்கும் அவளே காரில் கொண்டுவந்து விட்டாள். திருவனந்தபுரம் போகும் வாடகைக் கார் காத்திருந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிராத" என்றாள். "தெரிஞ்சும் வரலன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது." அம்மாவும் சொல்லாதே என்றார், மகளும் சொல்லாதே என்கிறாள். இரண்டு பேரும் ரகசியத்தைக் கொடுத்து வைக்க என்னைவிட ஓட்டை வாய் உலகத்தில் கிடைக்கவில்லை போலும். நான் கையை உதறிக்கொண்டு ஏறிவிட்டேன். அவளை அணைத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை கிள்ளானில் மருத்துவமனை அறை. அவள் அம்மாவுக்குப் பச்சை அங்கி போட்டு, சங்கிலியையும் தோட்டையும் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. கூட்டிப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்போது அவர் போன் அடித்தது.

மகள்தான். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிபெருக்கியைப் போட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"பாசார்ல நிக்கிறேன்மா. மீன் வாங்க வந்தேன்."

"என்ன மீன் வாங்கினீங்க?"

"கெம்போங்தான். நல்ல மீனா ஒண்ணும் வரல இன்னைக்கு. என்ன அங்க சத்தம்?"

"கோவில் கொட்டும்மா. இப்பம்தான் தண்ணி ஊத்திட்டு வாரேன்." கொஞ்ச நேரம் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. "பாத்துப் போங்கம்மா. வழுக்கும்" என்றாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா? வை, வை. வேலையப் பாரு."

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"நீ சொல்லலதானே?"

"சொல்லலம்மா."

"அதானே. சொல்லியிருந்தா இந்நேரம் இங்க வந்து நின்னிருப்பா. கட்டிப் போட்டாக்கூட நிக்கமாட்டா அவ, என் மேல அவ்வளவு உசுரு."

"ஆமாம்மா" என்றேன். "நிக்கமாட்டா."